மேடையில் கானன் டாயில்

எழுதுகோல் பிடிக்கும் கை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. மேடையில் முழங்கும் நா இன்னும் சிலர்க்கே வாய்க்கிறது. இரண்டும் ஒருவரிடமே அமைந்துவிட்டால் உலகம் அவரைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொள்கிறது. எழுதும்போது இருந்த விழிப்பு பேசும்போதும் அவரிடம் இருக்கிறதா என்று கேட்பார் மிகக் குறைவு. அந்தக் கேள்வியைக் கேட்கத் தூண்டும் வாழ்க்கை ஒன்று உண்டு. அதுவே சர் ஆர்தர் கானன் டாயிலின் வாழ்க்கை.

பெங்களூரில் பயிலும் தமிழ் மாணவர்களாகிய நமக்குத் துப்பறியும் கதை புதியதன்று. இந்த நகரிலேயே, பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டே, கணேஷையும் வசந்தையும் நடமாட விட்டவர் சுஜாதா. அவர்களுக்கு முன்னே தேவனின் சாம்புவும் தமிழ்வாணனின் சங்கர்லாலும் தமிழ் வீடுகளில் உலவினார்கள். இவர்கள் எல்லார்க்கும் மூத்த அண்ணன், இலண்டன் பேக்கர் தெருவில் குடியிருந்த ஷெர்லாக் ஹோம்ஸ். ஹோம்ஸை உலகம் அறியும். அவரைப் படைத்தவர் 40 ஆண்டுகளுக்கு மேல் மேடை மேடையாக ஏறிப் பேசினார் என்பதையும், அந்த மேடைகளே அவருக்குப் பழியைத் தேடித் தந்தன என்பதையும் அறிந்தவர் சிலரே.

1859ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் டாயில் பிறந்தார். அந்நகர்ப் பல்கலைக்கழகத்திலேயே மருத்துவம் பயின்றார். அங்கே ஜோசப் பெல் என்ற பேராசிரியர், நோயாளி வாய் திறக்கும் முன்பே அவருடைய தொழிலையும் வந்த வழியையும் சொல்லிவிடுவார். உற்றுப் பார்த்தல், பார்த்ததைக் கொண்டு உய்த்துணர்தல் என்னும் அந்தக் கலைதான் பிற்காலத்தில் ஹோம்ஸாக உருவெடுத்தது.

மாணவராக இருந்தபோதே 1880இல் திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றில் மருத்துவராக வடதுருவக் கடலுக்குச் சென்று வந்தார். பின்னர் சவுத்சீ என்ற கடற்கரை ஊரில் மருத்துவமனை வைத்தார். நோயாளிகள் அதிகம் வரவில்லை. ஓய்வு நிறைய இருந்தது. உள்ளூர் இலக்கிய, அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். பேச எழ வேண்டிய நேரம் நெருங்கினாலே உடல் நடுங்கும். அவர் அமர்ந்திருந்த நீண்ட பலகையே அதில் இருந்தவர்களோடு சேர்ந்து ஆடுமாம்! 1883இல் அந்தக் கழகத்தில் வடதுருவக் கடல்களைப் பற்றி உரையாற்றினார். மேடையை அணி செய்ய, பறவைகளைப் பாடம் செய்து வைத்திருந்த ஒருவரிடம் சிலவற்றை இரவல் வாங்கி வந்து வைத்தார். கூடியிருந்தோர் அவற்றையெல்லாம் அவரே வேட்டையாடியவை என்று எண்ணி வியந்தனர். மேடையில் ஒருவர் நிற்கும்போது கேட்போர் எதையும் நம்ப ஆயத்தமாக இருக்கிறார்கள் என்னும் பாடம் அன்றே அவர் கண்முன் நடந்தது.

1887இல் முதல் ஹோம்ஸ் நாவல் வெளிவந்தது. 1891 முதல் ஸ்ட்ராண்ட் என்னும் மாத இதழில் சிறுகதைகள் தொடர்ந்தன. புகழ் வெள்ளம் புரண்டது. ஆனால் டாயிலுக்கு ஹோம்ஸ் சுமையாகத் தோன்றினார். வரலாற்று நாவல்களே தம் பெயரை நிலைநாட்டும் என்று அவர் நம்பினார். ஆகவே 1893 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் ரைக்கன்பாக் அருவியில் ஹோம்ஸைத் தள்ளிக் கதையை முடித்தார்.

அடுத்த ஆண்டே, அதாவது 1894இல், தம் தம்பியுடன் அமெரிக்கா சென்று சொற்பொழிவுப் பயணம் மேற்கொண்டார். ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஊர் ஊராகப் பேசினார். மெலிந்து உயர்ந்த, கூர்மூக்குத் துப்பறிவாளரை எதிர்பார்த்து வந்தவர்கள், பருத்த உடலும் அடர்ந்த மீசையும் ஸ்காட்லாந்துப் பேச்சும் கொண்ட ஒரு டாக்டரைக் கண்டார்கள். இன்று நம் நகரில் நடக்கும் இலக்கிய விழாக்களில் எழுத்தாளரைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறதே, அந்த ஆர்வத்தின் பழைய வடிவம் அது. மக்கள் கேட்க விரும்பியது கொல்லப்பட்ட ஹோம்ஸைப் பற்றி!

ஹோம்ஸ் மீண்டும் வந்தார். 1903இல் தொடங்கிய புதிய கதைகளில் அவர் உயிரோடிருந்தது தெரிந்தது. குற்றவாளிகளோடு ஒற்றர்களும் கதைகளில் புகுந்தனர். காணாமற்போன நீர்மூழ்கிக் கப்பலின் வரைபடம், 1917இல் வந்த கதையில் ஜெர்மானிய ஒற்றனுக்கு ஹோம்ஸ் விரித்த வலை என்று, ஒற்றர் கதைக்கும் டாயில் வழி வகுத்தார். இடையே 1900இலும் 1906இலும் பாராளுமன்றத் தேர்தலில் நின்றார். இருமுறையும் தோற்றார். ஆனால் தேர்தல் மேடைகள் அவர் நாவிலிருந்த நடுக்கத்தை அறவே போக்கின.

இந்தப் பெருமகனார் செய்த செயல்களில் இந்தியராகிய நாம் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. பம்பாயில் பிறந்த பார்சி ஒருவர் கிறித்தவராகி, இங்கிலாந்தின் கிரேட் வைர்லி என்ற சிற்றூரில் பாதிரியாராக இருந்தார். அவருடைய மகன் ஜார்ஜ் எடால்ஜி வழக்கறிஞர். இரவில் கால்நடைகளைக் குத்திக் கிழித்தார் என்று 1903இல் அவருக்கு 7 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 3 ஆண்டுகள் கழித்து அவரை வெளியே விட்டார்கள், பழியை நீக்கவில்லை. டாயில் அவரைச் சந்தித்தார். செய்தித்தாளை முகத்தருகே பிடித்துப் படித்த அந்த மனிதரின் பார்வைக் குறையை உடனே கண்டுகொண்டார். கும்மிருட்டில் வயல்களையும் இருப்புப்பாதையையும் கடந்து சென்று இக்குற்றத்தை இவர் செய்திருக்க முடியுமா? 1907 ஜனவரியில் டெய்லி டெலிகிராப் நாளிதழில் சான்றுகளை அடுக்கி எழுதினார். யார் வேண்டுமானாலும் மறுபதிப்புச் செய்யலாம் என்று உரிமையையும் விட்டுக்கொடுத்தார். அவ்வாண்டிலேயே எடால்ஜிக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது, இழப்பீடுதான் கிடைக்கவில்லை. கொலைப்பழி சுமத்தப்பட்ட ஆஸ்கார் ஸ்லேட்டர் என்பவருக்காகவும் 1912இல் நூல் எழுதினார். 1928இல் அந்தத் தீர்ப்பு நீக்கப்பட்டது.

சான்று இல்லாமல் எதையும் ஏற்காத இந்த மனிதர்தாம், தம் வாழ்வின் பிற்பகுதி முழுவதையும் ஆவியுலகக் கொள்கைக்கு அர்ப்பணித்தார்!

மகனை இழந்த துயரமே காரணம் என்று பலர் சொல்வார்கள். அது முழு உண்மையன்று. 1893இலேயே அவர் ஆவிகளைப் பற்றி ஆராயும் கழகம் ஒன்றில் உறுப்பினராகிவிட்டார். 1916இல் தம் நம்பிக்கையை வெளிப்படையாக அறிவித்தார். 1918 அக்டோபரில் மகன் கிங்ஸ்லி விஷக் காய்ச்சலால் இறந்தார். 1919 பிப்ரவரியில் தம்பி இன்னஸும் மறைந்தார். முன்பே முளைத்திருந்த நம்பிக்கைக்குத் துயரம் நீர் வார்த்தது. அது மரமாயிற்று.

உலகப் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரும் தந்தையரும் நாடெங்கும் இருந்தார்கள். இறந்தவர் பேசுகிறார் என்று ஒருவர் உறுதி சொன்னால் அவர்கள் உள்ளம் எப்படிக் குளிரும்! அந்த உறுதியை டாயில் ஊர்தோறும் சென்று வழங்கினார். 1920, 21 ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சென்றார். 1922இல் நியூயார்க் கார்னகி மண்டபத்தில் பேசினார். ஆவிகளின் நிழற்படங்கள் என்று சொல்லப்பட்டவற்றைத் திரையில் காட்டினார். இவற்றில் அவர் பணம் சேர்க்கவில்லை. கைப்பொருளைத்தான் கொட்டினார். 1925இல் இதற்கென்றே இலண்டனில் புத்தகக் கடையும் திறந்தார்.

ஆனால் தூய உள்ளம் ஒன்றே சான்றாகுமா? இரண்டு சிறுமியர் தேவதைகளோடு எடுத்ததாகக் கூறிய படங்களை அவர் உண்மை என்று நம்பி 1920 டிசம்பர் ஸ்ட்ராண்டில் எழுதினார். அவை காகிதத்தில் வரைந்து வெட்டி நிறுத்திய உருவங்கள் என்று அந்தச் சிறுமியரே முதுமையில், 1983இல், ஒப்புக்கொண்டார்கள். அந்த உருவங்களுக்கு மாதிரியாக இருந்த படம் 1914இல் வந்த ஒரு பரிசுப் புத்தகத்தில் இருந்தது. அதே புத்தகத்தில் டாயிலின் கதையும் ஒன்று இருந்தது!

மாயவித்தை மன்னர் ஹூடினி அவருடைய நண்பர். 1922இல் அட்லாண்டிக் நகரில் டாயிலின் மனைவி, ஹூடினியின் இறந்துபோன தாயிடமிருந்து வந்ததாகப் பக்கம் பக்கமாக எழுதித் தந்தார். தலைப்பில் சிலுவைக்குறி; மொழி ஆங்கிலம். ஹூடினியின் தாயோ யூத குருவின் மனைவி. ஆங்கிலம் அவருக்கு வராது. தாயை உயிராக நேசித்த ஹூடினி, அந்தப் பொய்யான ஆறுதலை ஏற்க மறுத்தார். நட்பு முறிந்தது. வித்தை காட்டிப் பிழைத்தவர் சான்று கேட்டார். துப்பறிவாளரைப் படைத்தவர் கேட்கவில்லை.

இதில் வியப்பு என்னவென்றால், ஹோம்ஸை மட்டும் டாயில் கடைசிவரை மாற்றவில்லை. 1924இல் வந்த ஒரு கதையில் இரத்தம் குடிக்கும் பேய் என்று ஒரு குடும்பம் அஞ்சுகிறது. ஹோம்ஸ் அதை நம்பாமல், ஒரு சிறுவனின் பொறாமையே காரணம் என்று கண்டுபிடிக்கிறார். மேசைமுன் அமர்ந்த டாயிலிடம் பெல்லின் மாணவர் விழித்துக்கொண்டே இருந்தார். மேடையேறிய டாயில் அவரைத் துணைக்கு அழைத்துச் செல்லவில்லை.

1928இல் தென்னாப்பிரிக்கப் பயணம் தொடங்கினார். 1929இல் ஹாலந்து, டென்மார்க், சுவீடன், நார்வே நாடுகளில் பேசினார். நெஞ்சுவலியோடு திரும்பினார். மருத்துவர்கள் தடுத்தும் அவ்வாண்டு நவம்பரில் இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் மீண்டும் மேடையேறினார். 1930 ஜூலை 7ஆம் நாள் கிரோபரோவில் தம் இல்லத்தில் உயிர் துறந்தார். ஆறு நாள் கழித்து அதே ஆல்பர்ட் மண்டபத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினர். மேடையில் அவருக்காக ஒரு நாற்காலி காலியாகப் போடப்பட்டிருந்தது. அவர் வந்து அமர்ந்ததைக் கண்டதாக, ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லிக்கொண்ட பெண்மணி ஒருவர் கூறினார். மற்றவர் கண்ணுக்கு அது காலி நாற்காலியாகவே இருந்தது.

தோழர்களே! டாயிலை எள்ளி நகையாடுவது எளிது. எடால்ஜிக்காக உழைத்த நெஞ்சும், அழுத தாய்மாருக்காக உழைத்த நெஞ்சும் ஒன்றே. அந்த நெஞ்சின் ஈரத்தை நாம் போற்றுவோம். ஆனால் முன்னதில் அவர் சான்றைத் தேடினார். பின்னதில் ஆறுதலைத் தேடினார். நாம் நாள்தோறும் கூட்டங்களுக்குச் செல்கிறோம். புகழ் பெற்றவர்கள் பேசக் கேட்டுக் கைதட்டுகிறோம். பேசுபவர் பெரியவராக இருக்கலாம், நல்லவராகவும் இருக்கலாம். சொன்ன பொருளில் உண்மை உண்டா என்று தேடிக் காண்பதே அறிவு என்பது வள்ளுவர் வழி. கைதட்டுவதற்கு முன் அந்தத் தேடலை நாம் செய்வோமாக. நாளை நாம் மேடையேறும்போது, அதே கேள்வியை நம்மையே கேட்டுக்கொண்டு ஏறுவோமாக!