இரண்டு அசரியாக்கள்



அசரியா என்றால் கர்த்தர் உதவி செய்தார் என்று அர்த்தம். வேதத்தில் இந்தப் பெயருள்ளவர்கள் அநேகர். ஒருவன் யூதாவின் ராஜா. உசியா என்றும் அவனைச் சொல்லுவார்கள். 16 வயதில் சிங்காசனம் ஏறினான். கர்த்தரைத் தேடினமட்டும் எல்லாம் வாய்த்தது. பலம் வந்தது, கூடவே பெருமையும் வந்தது. ஆசாரியர் செய்யவேண்டிய தூபங்காட்டுதலையும் தானே செய்ய ஆலயத்துக்குள் நுழைந்தான். நெற்றியில் குஷ்டம்! சாகும்வரை தனி வீடுதான் (2 நாளாகமம் 26).

அதே பெயரில் நம் தமிழர் ஒருவர் இருந்தார். அவர் போன வழியைப் பாருங்க.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874 ஆகஸ்ட் 17-ல் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் ஒரு கிராமப் போதகருக்கு மகனாகப் பிறந்தார். 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ.-வில் வாலிபர் மத்தியில் ஊழியம். 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ் விசுவாசிகள் தாங்களே மிஷனரிகளை அனுப்புவதைக் கண்டார். அது அவர் இருதயத்தைக் குத்தியது. 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவாக முன்நின்றார்.

சங்கம் ஆரம்பித்தாச்சு, வேறு யாரையாவது அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாமே? அவர் அப்படிச் செய்யவில்லை. 1909-ல் தாமே நிஜாம் சீமையிலிருந்த டோர்னக்கல்லுக்குப் புறப்பட்டார். அங்கே பாஷை தெலுங்கு. ஏறக்குறைய 35 வயதில் அதைக் கற்று அந்த ஜனங்களோடு பேசினார்.

தாழ்மை என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது அல்ல. சாந்தகுணமுள்ள மோசேதான் பார்வோனுக்கு முன்பாகப் போய் நின்றான்! 1910-ல் எடின்பரோ மிஷனரி மகாநாட்டில் அசரியா வெள்ளைக்கார மிஷனரிகளின் தியாகத்துக்கு நன்றி சொன்னார். ஆனாலும் இந்திய ஊழியரைக் கீழானவராக அல்ல, சிநேகிதராக நடத்தவேண்டும் என்று அவர்கள் முகத்துக்கு முன்பாகவே கேட்டார்.

1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். ஒரு இந்தியருக்கு இந்தப் பதவியா என்று முறுமுறுத்தவர்கள் உண்டு. அவரோ மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் கிராமம் கிராமமாகப் போனார். அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்று ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட ஏழைகள். ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் சுவிசேஷம் சொல்லக் கடனாளி என்று அவர்களுக்குக் கற்பித்தார்.

எல்தாத்தும் மேதாத்தும் பாளயத்தில் தீர்க்கதரிசனம் சொன்னபோது யோசுவா தடுக்கப் பார்த்தான். மோசேயோ ஜனங்கள் எல்லார்மேலும் ஆவியானவர் வரமாட்டாரா என்று ஏங்கினான் (எண்ணாகமம் 11). தாழ்மையுள்ள தலைவன் அடுத்தவன் எழும்பும்போது பொறாமைப்படமாட்டான், சந்தோஷப்படுவான்.

1945 ஜனவரி 1-ல் அசரியா டோர்னக்கல்லிலேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவருடைய நாட்களில் அந்தப் பேராயத்தில் விசுவாசிகள் இரண்டு லட்சத்துக்கும் மேல் பெருகியிருந்தார்கள்.

பிரியமானவர்களே, நாம் எந்த அசரியா? மைக் யார் கையில், மேடையில் யாருக்கு முதல் நாற்காலி என்று பார்க்கிறோமா? பக்கத்திலேயே கல்வராயன் மலை. அங்கே போனால் போதிக்க மட்டும் போகிறோமா, அந்த ஜனங்களோடு உட்கார்ந்து அவர்கள் சொல்வதையும் கேட்கிறோமா? ஊழியத்தில் வளருகிற தம்பி தங்கைகளுக்கு இடம் விடுகிறோமா?

உதவி செய்தவர் கர்த்தர் என்பதை மறந்த அன்றே உசியாவின் வீழ்ச்சி ஆரம்பமானது. நாம் மறவாதிருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக. ஆமென்!