கணக்கைச் சரிபார்க்க வழி சொன்ன ஆலன் டூரிங்

நாலு இலக்க எண்கள் ஐந்தை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டுகிறோம். அடியில் விடை மட்டும் இருக்கிறது. அது சரியா என்று பார்க்க வேண்டுமானால் முழுக் கணக்கையும் ஒருவரே மறுபடி போட வேண்டும். அடுத்த வரிசைக்குக் கொண்டு போன எண்களையும் மேலே குறித்து வைத்திருந்தால்? ஒரு வரிசையை அப்பா பார்க்கலாம், இன்னொன்றை மகள் பார்க்கலாம். ஒருவரை ஒருவர் கேட்க வேண்டியதே இல்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த இந்த விஷயத்தை 1949 ஜூன் மாதம் கேம்பிரிட்ஜில் கூடிய விஞ்ஞானிகளுக்கு ஒருவர் எடுத்துச் சொன்னார். கம்ப்யூட்டர் புரோகிராமில் பிழை கண்டுபிடிக்க அது உதவும் என்றார். அவர்தான் ஆலன் டூரிங்.

டூரிங் 1912 ஜூன் 23ஆம் தேதி லண்டனில் பிறந்தார். அவருடைய தகப்பனார் மதராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. தாயார் பிறந்ததோ நம் கோவைக்கு அருகே உள்ள போத்தனூரில்! தாய்வழிப் பாட்டனார் மதராஸ் ரயில்வேயில் தலைமை இன்ஜினீயராக இருந்தவர். பெற்றோர் இந்தியாவில் இருந்த காலங்களில் ஆலனும் அண்ணனும் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தாரிடம் வளர்ந்தார்கள்.

1936இல், 24 வயதில், எந்தக் கணக்கையும் கட்டளைப்படி போடக்கூடிய ஒரு யந்திரத்தை அவர் காகிதத்திலேயே கற்பனை செய்து காட்டினார். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை உடைக்கும் வேலையில் பெரும் பங்கு வகித்தார். அது தனிக் கதை. 1948இல் மான்செஸ்டர் சர்வகலாசாலைக்கு வந்தார்.

புரோகிராம் என்பது யந்திரத்துக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைகளின் வரிசை. ஒரு கட்டளை தப்பினாலும் விடை தப்பு. அதனால் எழுதியவர் குறிப்பும் சேர்த்து எழுத வேண்டும் என்றார் டூரிங். இந்த இடத்துக்கு வரும்போது இன்ன பெட்டியில் இன்ன எண் இருக்க வேண்டும் என்று இடத்துக்கு இடம் சொல்லிவிட வேண்டும். வேலை ஓயாமல் சுற்றாமல் ஒரு நாள் நிற்கும் என்பதற்கும் அடையாளம் காட்ட வேண்டும். சுற்றுக்குச் சுற்று குறைந்துகொண்டே வரும் ஓர் எண் இருந்தால் போதும். பிறகு, புரோகிராம் எழுதிய மனிதரை அறியாத ஒருவர்கூட அதைச் சரிபார்க்கலாம்.

எத்தனை தெளிவு! ஆனால் அன்று கரும்பலகையில் அவர் எண்களைத் தலைகீழ் வரிசையில், சிறிய இலக்கம் முதலில் வரும்படி எழுதினாராம். மான்செஸ்டர் யந்திரத்தின் வழக்கம் அப்படி. கேட்டவர்கள் திண்டாடினார்கள்.

புரோகிராம் எழுதுவோருக்காக அவர் 1951இல் எழுதிய கைப்புத்தகமும் அப்படித்தான். 32 குறிகளில் கட்டளைகள், உதாரணங்களிலும் பிழைகள். தமக்குப் புரிந்தது எல்லோருக்கும் புரியும் என்று மேதைகள் நினைத்துவிடுகிறார்கள் போலும்!

அந்தப் புத்தகத்தோடு மல்லுக்கட்டி வென்றவர் ஹாரோ பள்ளி வாத்தியார் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி. யந்திரம் தன்னைத் தானே நடித்துக் காட்டி, ஒரு புரோகிராம் அடிக்கு அடி என்ன செய்கிறது என்று தெரிவிக்கும்படி ஒரு புரோகிராம் எழுதலாமே என்று டூரிங் அவரிடம் சொன்னார். பிழை பிடிக்கும் கருவி அது. ஸ்ட்ரேச்சி ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டளைகளை எழுதிக்கொண்டு வந்தார். அதுவரை அத்தனை நீளமாக அங்கே யாரும் எழுதியதில்லை. இரவு முழுவதும் யந்திரத்தோடு உட்கார்ந்தார். சில பிழைகளைத் திருத்தியதும் அது ஓடியது. முடிவில் யந்திரத்தின் ஊதல் பிரிட்டிஷ் தேசிய கீதத்தை வாசித்தது!

இன்று நிலைமை இன்னும் சுவையானது. செயற்கை அறிவு யந்திரங்களே புரோகிராம் எழுதுகின்றன. சோதனைக் கருவிகளை இயக்கிச் சரிபார்ப்பதும் அவையே. அந்தக் கருவிகளின் கைப்புத்தகத்தையும் அவையே படிக்கின்றன. ஸ்ட்ரேச்சிக்குச் சந்தேகம் வந்தால் டூரிங்கைக் கேட்கலாம். இந்த யந்திரமோ, புத்தகத்தில் விட்டுப்போனதை ஊகத்தால் நிரப்பிக்கொண்டு மேலே போய்விடக்கூடும். எந்த நிலையில் கருவியைத் தொடங்குவது, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன தெரிய வேண்டும், எதைக் கண்டால் வெற்றி, எதைக் கண்டால் நிறுத்துவது என்று இப்போது அதற்காகப் பிட்டுப் பிட்டு எழுதுகிறார்கள்.

டூரிங்கின் முடிவு கொடியது. ஆணும் ஆணும் உறவு கொள்வது அந்நாளில் இங்கிலாந்தில் குற்றம். 1952இல் அவர்மீது வழக்கு நடந்தது. சிறைக்குப் பதிலாக ஹார்மோன் மருந்து ஏற்றினார்கள். 1954 ஜூன் 7ஆம் தேதி, 41 வயதில், சயனைடு விஷத்தால் இறந்தார். தற்கொலை என்று விசாரணையில் முடிவு செய்தார்கள். 2009இல் பிரிட்டிஷ் பிரதமர் வருத்தம் தெரிவித்தார். 2013இல் அரச மன்னிப்பு வந்தது.

கேம்பிரிட்ஜில் பேசியது மூன்றே பக்கமாக அச்சாகியிருந்தது. அச்சிலும் ஏகப்பட்ட எழுத்துப் பிழைகள். வெகுகாலம் அதைக் கவனித்தவர்கள் குறைவு. ஆராய்ச்சியாளர் இருவர் உட்கார்ந்து, எந்த எழுத்து எதுவாக மாறியது என்று பார்த்துத் திருத்தி, 1984இல் மறுபடி வெளியிட்டார்கள்.