கோடியில் ஒரு வெளிச்சத் துகள்... அதைப் பிடித்த கணக்கு ஆபீசர்! சி.வி.ராமன் அப்படி என்னதான் கண்டுபிடித்தார்?

பிப்ரவரி 28 வந்தால் தேசிய அறிவியல் தினம். பள்ளிக்கூடங்களில் சி.வி.ராமன் படம் வைப்பார்கள், பேச்சுப் போட்டி நடக்கும். ராமன் விளைவைக் கண்டுபிடித்தார், நோபல் பரிசு வாங்கினார் என்று இரண்டு வரி சொல்வார்கள். அதோடு முடிந்துவிடும்.

ஆனால் அந்த ராமன் விளைவு என்னன்னு கேட்டா, பலரும் முழிப்பாங்க. இத்தனைக்கும் தொலைதூர இன்டர்நெட் கேபிளில், போலி மருந்தைக் கண்டுபிடிக்கும் கருவியில், செவ்வாய் கிரகத்தில் ஓடும் ரோவரில் என்று இன்றைக்கும் வேலை செய்வது அதே விளைவுதான்.

யார் இந்த ராமன்? என்ன செய்தார்? எதில் சறுக்கினார்? பார்க்கலாம்.

நம்ம திருச்சிக்காரர்தான்!

1888 நவம்பர் 7-ம் தேதி, திருச்சியை ஒட்டிய திருவானைக்காவலில், தாய்வழித் தாத்தா வீட்டில் பிறந்தார் ராமன். அப்போது பெரம்பலூர், அரியலூர் என்று தனி மாவட்டங்கள் கிடையாது. எல்லாமே திருச்சி மாவட்டம்தான். பெரம்பலூர் 1995-லும், அரியலூர் கடைசியாக 2007-லும்தான் தனி மாவட்டங்கள் ஆயின. அந்தக் கணக்கில் பார்த்தால் இவர் நம்ம பழைய மாவட்டத்துப் பிள்ளை.

அப்பா சந்திரசேகர ஐயர் கணிதமும் இயற்பியலும் நடத்தும் ஆசிரியர். அம்மா பார்வதி அம்மாள். அப்பாவுக்கு விசாகப்பட்டினம் கல்லூரியில் வேலை கிடைக்க, குடும்பம் அங்கே போனது. 11 வயதில் மெட்ரிகுலேஷன் முடித்த ராமன், அடுத்து சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். 1904-ல் பி.ஏ. முதலிடம், 1907-ல் எம்.ஏ. நடுவில், 1906-ல், மாணவராக இருக்கும்போதே அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை லண்டன் அறிவியல் இதழில் வந்துவிட்டது. அப்போது வயது 18!

இவ்வளவு திறமை இருந்தால் அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்கு அனுப்புவார்கள். ராமன் விஷயத்தில் உடம்பு ஒத்துழைக்கவில்லை. அந்த ஊர்க் குளிரை இவரால் தாங்க முடியாது என்று அரசு மருத்துவர் சொல்லிவிட்டார்.

காலையில் லேப்... பகலில் ஆபீஸ்... ராத்திரி மறுபடியும் லேப்!

அப்போது இந்தியாவில் ஆராய்ச்சியை நம்பிப் பிழைக்க வழியே இல்லை. அதனால் நிதித்துறைக்கான அரசுத் தேர்வை எழுதினார் ராமன். அதிலும் முதலிடம். 1907-ல் லோகசுந்தரியைத் திருமணம் செய்துகொண்டு, அதே ஆண்டு கல்கத்தாவில் உதவி கணக்காயர் பதவியில் சேர்ந்தார். கைநிறைய சம்பளம், கௌரவமான வேலை.

இன்றைக்கு டிஎன்பிஎஸ்சி எழுதும் பல வீடுகளில் கதை இங்கேயே சுபம் போட்டு முடிந்துவிடும். ராமனுக்கு ஆரம்பித்ததே இங்கேதான்.

கல்கத்தா பவ்பஜார் தெருவில் ஒரு பழைய அறிவியல் சங்கம் இருந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர் 1876-ல் தொடங்கியது. கருவிகள் இருந்தன, ஆனால் ஆராய்ச்சி செய்ய ஆள் இல்லை. ராமன் போய்க் கேட்டார், கதவு திறந்தது. காலையில் ஆபீசுக்கு முன்னாடி அங்கே, மாலை ஆபீஸ் முடிந்ததும் மறுபடி அங்கே. நடுவில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் டிரான்ஸ்ஃபர் ஆனதைக் கழித்தால், 1917 வரை இப்படித்தான் ஓடியது வாழ்க்கை.

வயலின் தந்தியும் வீணையும் எப்படி அதிர்கின்றன என்பதெல்லாம் அப்போது அவர் ஆராய்ந்த விஷயங்கள். மற்ற தோல் கருவிகளில் வராத சுருதி, மிருதங்கத்திலும் தபலாவிலும் எப்படி வருகிறது? அவற்றின் தோலில் பூசியிருக்கும் கருப்புச் சாந்துதான் காரணம் என்று காட்டியவர் ராமன்.

1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி கொடுத்தது. சம்பளம், அரசு வேலையில் வாங்கியதைவிடக் குறைவு. கூடவே, வெளிநாடு போய்ப் பயிற்சி எடுத்து வர வேண்டும் என்று ஒரு விதி. ராமன் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. பல்கலைக்கழகம் விதியைத் தளர்த்தியது. அரசு வேலையை விட்டார் ராமன்.

கடல் ஏன் நீலம்?

1921-ல் ஒரு மாநாட்டுக்காக முதன்முறை இங்கிலாந்து போனார். திரும்பும்போது மத்தியதரைக் கடலின் அடர்ந்த நீலம் அவரை விடவில்லை. வானத்தின் நீலம் தண்ணீரில் பிரதிபலிக்கிறது, அவ்வளவுதான் என்பது அன்றைய விளக்கம். ராமன் பையில் ஒரு சின்ன பட்டகம் இருந்தது. அதை வைத்துக் கடல் மேல் விழும் வானத்தின் பிரதிபலிப்பை மட்டும் வடிகட்டிப் பார்த்தார். நீலம் போகவில்லை! அப்படின்னா, தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்பது அவர் முடிவு. தண்ணீர் சிவப்பு நிறத்தை விழுங்குவதும் முக்கியக் காரணம் என்பது பிறகு தெளிவானது. ஆனால், திரவத்துக்குள் போகும் ஒளிக்கு என்ன ஆகிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. ஏழு வருஷம் விடவில்லை.

1928 பிப்ரவரி 28: அன்று நடந்தது என்ன?

ஒரே நிறமுள்ள ஒளியை ஒரு திரவத்துக்குள் அனுப்பினால், சிதறி வரும் ஒளியும் அதே நிறத்தில்தான் இருக்க வேண்டும். கிட்டத்தட்ட எல்லாமே அப்படித்தான் வருகிறது. ஆனால் தோராயமாகக் கோடியில் ஒரு ஒளித்துகள் மட்டும் நிறம் மாறி வருகிறது.

ஏன்? ஒளி என்பது ஃபோட்டான் என்ற துகள்களாகவும் நடந்துகொள்ளும். மூலக்கூறுகளோ சும்மா இருப்பதில்லை, எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கும். ஃபோட்டான் போய் மோதும்போது, தன் ஆற்றலில் கொஞ்சத்தை மூலக்கூறிடம் கொடுத்துவிடலாம், அல்லது அதனிடமிருந்து கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாம். ஆற்றல் மாறினால் நிறமும் மாறும். இதுதான் ராமன் விளைவு.

ஒவ்வொரு பொருளும் அதிரும் விதம் வேறு. அதனால் நிறம் எவ்வளவு மாறியது என்று அளந்தால், அது எந்தப் பொருள் என்று சொல்லிவிடலாம். மூலக்கூறின் கைரேகை மாதிரி!

உள்ளூர் உதாரணம் ஒன்று. அரியலூரில் சிமென்ட் ஆலைக்கு லாரியில் போகும் சுண்ணாம்புக் கல்லும், பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் கல்மரமும் பார்வைக்குக் கல்தான். ஆனால் ஒன்று, பழங்காலக் கடல் விட்டுப்போன சுண்ணாம்பு. இன்னொன்று, மரத்தின் இடத்தைச் சிலிக்கா பிடித்துக் கல்லானது. இரண்டின் மேலும் லேசர் ஒளியை அடித்து, திரும்பி வரும் ஒளியைப் பார்த்தாலே எது எது என்று ராமன் கருவி பிரித்துச் சொல்லிவிடும். உடைக்க வேண்டாம், கரைக்க வேண்டாம்.

இதைக் கண்டுபிடிக்க ராமனிடம் லேசர் இல்லை. லேசர் வந்ததே 1960-ல்தான். சூரிய ஒளி, பாதரச விளக்கு, ஒரு நிறமாலைமானி. அவ்வளவுதான். 60-க்கும் மேற்பட்ட திரவங்களில் சோதித்துப் பார்த்தார்கள். 1930-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அறிவியலில் நோபல் வாங்கிய முதல் ஆசியர் ராமன்தான்.

கூட நின்றவர் பெயர் ஏன் மறந்தது?

ராமனோடு இருட்டறையில் இரவு பகலாகச் சோதனை செய்தவர் கே.எஸ்.கிருஷ்ணன். இன்றைய விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் பிறந்த தமிழர். கண்டுபிடிப்பைச் சொன்ன கட்டுரை, இருவர் பெயரிலும்தான் வந்தது. நோபல் ராமனுக்கு மட்டும் போனது. மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டெல்ஷ்டாம் இருவரும் அதே சமயத்தில் படிகங்களில் இதே விளைவைத் தனியாகக் கண்டார்கள். அவர்களுக்கும் பரிசு இல்லை. கிருஷ்ணன் பின்னாளில் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார்.

1933-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநரானார் ராமன். அங்கே சேர வந்த கமலா பாக்வத் என்ற மாணவியை, பெண் என்பதால் மறுத்தார். அவர் விடாமல் நின்றதால், ஒரு வருஷம் சோதனை அடிப்படையில் சேர்த்துக்கொண்டார். அந்தப் பெண்தான் பிறகு கமலா சோஹோனி என்ற பெயரில் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அதற்குப் பிறகு ராமன் பெண்களைச் சேர்க்கத் தொடங்கினார். வானிலைக் கருவிகளில் பெயர் பெற்ற அன்னா மணி அவருடைய லேபில் வைரம் பற்றி ஆராய்ந்தவர். ராமன் மாறினார் என்பது உண்மை. ஒரு பெண் போராடிய பிறகே மாறினார் என்பதும் உண்மை.

இன்றைக்கு நமக்கு என்ன பயன்?

மருத்துவம்: கையடக்க ராமன் கருவியால், கண்ணாடி பாட்டிலைத் திறக்காமலே உள்ளே இருப்பது அசல் மருந்தா போலியா என்று பார்க்கலாம். மூளைக் கட்டி அறுவை சிகிச்சையில் எது புற்றுநோய்த் திசு, எது நல்ல திசு என்று பிரித்துக் காட்டவும் ஆய்வுகள் நடக்கின்றன.

இன்டர்நெட்: நீண்ட தூரக் கண்ணாடி இழைக் கேபிளில் போகப் போக சிக்னல் சோர்ந்துவிடும். அதே கேபிளில் இன்னொரு லேசரை அனுப்பினால், ராமன் விளைவின் வழியாக அதன் ஆற்றல் சிக்னலுக்கு வந்து சேரும். சிக்னல் மறுபடி தெம்பாகும்.

சென்சார்: சூடான இடத்தில் மூலக்கூறுகள் அதிகம் அதிரும், நிறம் மாறி வரும் ஒளியின் அளவும் வேறுபடும். இதை வைத்து ஒரே கேபிளையே பல கிலோமீட்டர் நீளத் தெர்மாமீட்டராக மாற்றிவிட்டார்கள். சுரங்கப்பாதையில் எந்த இடத்தில் தீப்பிடித்தது என்று அது கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிவிடும்.

விண்வெளி: 2021-ல் செவ்வாயில் இறங்கிய பெர்சவரன்ஸ் ரோவரில் இரண்டு கருவிகள் ராமன் முறையில் பாறைகளைப் படிக்கின்றன.

கடைசி வரை லேப்தான்

1948-ல் பெங்களூருவில் தன் பெயரிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார் ராமன். அரசுப் பணம் வாங்கினால் அறிக்கை எழுதியே பொழுது போய்விடும் என்று அதை ஒதுக்கிவைத்தார். 1954-ல் பாரத ரத்னா. கல், வைரம், சிப்பி, பூக்களின் நிறம் என்று கடைசி வரை ஆராய்ந்துகொண்டே இருந்தார். 1970 நவம்பர் 21-ல், 82 வயதில் காலமானார். அந்த நிலையத்தின் தோட்டத்திலேயே தகனம் நடந்தது. பெரிய நினைவு மண்டபம் எதுவும் அங்கே இல்லை. ஒரு மரம்தான் நிற்கிறது.