பாரிசில் தமிழ் பெற்ற ஆசனம்

பிரான்சு நாட்டின் வடபகுதியில், சேன் நதிக்கரையில் விளங்கும் பாரிஸ் மாநகரைக் காணச் செல்வோர் பலர். கோபுரமும் அரண்மனையும் ஓவியக்கூடமும் கண்டு மீள்வது அவர்தம் வழக்கம். அந்நகர் அறிஞர் அவையிலே தமிழாராய்ச்சிக்கு உரிய ஆசனம் கிடைக்க உழைத்தவர்களுள் முதன்மையானவர் ஈழம் தந்த சேவியர் தனிநாயகம் அடிகளார் ஆவர்.

1913ஆம் ஆண்டு ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனில் பிறந்த அடிகளார், உரோமாபுரியில் இறையியல் பயின்று குருவானவர். ஐரோப்பிய மொழிகள் பலவற்றைக் கற்ற பின்னரே, திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் பணியாற்றிய காலத்தில், தமிழிலக்கியத்தை முறையாகப் பயிலத் தொடங்கினார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சங்கப் பாடல்களில் இயற்கை பெறும் இடத்தை ஆராய்ந்தார்.

தமிழின் பெருமையைத் தமிழர் தமக்குள்ளேயே பேசிக்கொள்வதால் பயன் சிறிது என்பதை அவர் உணர்ந்தார். அதனால் 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தோற்றுவித்தார். சென்ற நகர்தோறும் நூலகங்களை நாடினார். 1554இல் லிஸ்பனில் உரோம எழுத்துக்களில் அச்சேறிய தமிழ் நூலை அறிஞர் கவனத்திற்குக் கொணர்ந்தார். புரோயென்சா பாதிரியாரின் 1679ஆம் ஆண்டுத் தமிழ் - போர்த்துக்கேய அகராதியை 1966இல் மறுபதிப்பாக வெளியிட்டார்.

1964 சனவரியில் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா தலைவரானார். அடிகளாரும் செக் நாட்டறிஞர் கமில் சுவெலபிலும் செயலாளராயினர். 1966இல் கோலாலம்பூரிலும் 1968இல் சென்னையிலும் மாநாடுகள் கூடின. மூன்றாம் மாநாடு 1970 யூலையில் பாரிசில், 1530இல் நிறுவப்பெற்ற கொலேஜ் த பிரான்சு என்னும் கலைக்கழகத்தில் நடைபெற்றது.

பாரிசுக்குத் தமிழ் புதிதன்று. புதுச்சேரியில் வாழ்ந்த ஆரியேல் திரட்டிய தமிழ்ச் சுவடிகள் அந்நாட்டுத் தேசிய நூலகத்தில் உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வென்சோன் அங்குத் தமிழ் கற்பித்தார். எனினும், உலக அறிஞர் தமிழுக்கெனவே அங்குக் கூடியது புதுமை. சென்னையில் ஊர்வலமும் மக்கள் வெள்ளமும் மாநாட்டை அணிசெய்தன. பாரிசிலோ ஆய்வுக் கட்டுரைகளே அணியாயின. ஆரவாரத்தின் துணையின்றிச் சான்றின் வலிமையால் மட்டும் தமிழ் நிற்க வேண்டியிருந்தது, அவ்வாறே நின்றது. அக்கட்டுரைகள் 1973இல் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தின் வாயிலாக நூலுருப் பெற்றன.

அடுத்த மாநாடு 1974இல் யாழ்ப்பாணத்தில் கூடியது. அதன் இறுதிநாளில் நேர்ந்த உயிரிழப்பு தமிழுலகின் ஆறாத புண்ணாயிற்று. ஆயினும் அடிகளாரின் ஆராய்ச்சிப் பணி ஓயவில்லை. 1980 செப்டெம்பர் முதலாம் நாள் அவர் மறைந்தார்.

இன்று செங்கலடியை அடுத்த வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் விளங்குகின்றது. அங்குத் தமிழ் பயிலும் மாணவர்க்கு அடிகளார் வாழ்வு கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு: பிறமொழி அறிவு தாய்மொழிப் பற்றுக்குப் பகையன்று, அப்பற்றினை உலகவையில் நிலைநாட்டும் கருவி அதுவே.