லில்லியன் வால்ட்

லில்லியன் வால்ட் (மார்ச் 10, 1867 - செப்டம்பர் 1, 1940) அமெரிக்கச் செவிலியரும் சமூக சேவையாளரும் எழுத்தாளரும் ஆவார். நியூயார்க் நகரில் ஹென்றி தெரு சமூக இல்லத்தை நிறுவியவர். ஏழைகளின் வீடுகளுக்கே சென்று மருத்துவப் பணி செய்யும் பொதுச் சுகாதாரச் செவிலியத்தின் முன்னோடியாகக் கருதப்படுகிறார். அமெரிக்காவில் பள்ளிகளுக்குச் செவிலியரை நியமிக்கும் முறை 1902 ஆம் ஆண்டு இவரது முயற்சியால் தொடங்கியது.

பிறப்பும் கல்வியும்

வால்ட் ஒகையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில், செருமனியிலிருந்து வந்த யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை மாக்சு வால்ட் மூக்குக்கண்ணாடி முதலிய ஒளியியல் பொருட்களை விற்கும் வணிகர். 1878 இல் குடும்பம் நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்தது. பதினாறு வயதில் வாசர் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது, வயது போதாது என்று இவருக்கு இடம் மறுக்கப்பட்டது. பின்னர் நியூயார்க் மருத்துவமனையின் செவிலியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து 1891 இல் பயிற்சியை முடித்தார்.

ஹென்றி தெரு இல்லம்

1893 இல் நியூயார்க்கின் கீழ்க் கிழக்குப் பகுதியில் புலம்பெயர்ந்த பெண்களுக்கு வீட்டு மருத்துவப் பராமரிப்பு பற்றி வால்ட் வகுப்பு எடுத்து வந்தார். ஒருநாள் ஒரு சிறுமி, நோயுற்றுக் கிடந்த தன் தாயைக் காண இவரை அழைத்துச் சென்றாள். அந்த வீட்டில் கண்ட வறுமை இவரது வாழ்க்கையின் திசையை மாற்றியது. மருத்துவக் கல்லூரிப் படிப்பைக் கைவிட்டு, மேரி புரூஸ்டர் என்னும் செவிலியருடன் அப்பகுதியிலேயே குடியேறினார். வங்கியாளர் யாக்கோபு சிஃப் அளித்த ஆதரவினால் 1895 இல் ஹென்றி தெருவில் 265 ஆம் எண் வீடு இவர்களுக்குக் கிடைத்தது. 1913 இல் இந்த இல்லத்தில் 92 செவிலியர் பணியாற்றினர்.

பள்ளிச் செவிலியம்

பின்னணி

குடியேறிய சில காலத்திலேயே, பன்னிரண்டு வயதாகியும் பள்ளியில் படிக்காத சிறுவன் ஒருவனை வால்ட் சந்தித்தார். தலையில் கரப்பான் இருந்ததால், பள்ளிக்குச் சென்றபோதெல்லாம் ஆசிரியர்கள் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டனர். வால்ட் களிம்பு பெற்றுத் தடவிப் புண்ணை ஆற்றியபின் அவன் பள்ளியில் சேர முடிந்தது. இதன் பிறகு, நோயின் பெயரால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றிய குறிப்பேடு ஒன்றை வால்டும் புரூஸ்டரும் பேணத் தொடங்கினர்.

இதற்கு நேர்மாறான நிலையும் இருந்தது. ஸ்கார்லெட் காய்ச்சல் கண்டு தோல் உரியும் நிலையில் ஒரு சிறுவன் வகுப்பில் அமர்ந்திருந்ததைச் செவிலியர் கண்டனர். அவனை வால்ட் நகரச் சுகாதாரத் துறைத் தலைவரிடமே அழைத்துச் சென்று காட்டினார். 1897 இல் நியூயார்க் பள்ளிகளில் மருத்துவர்கள் மாணவரைப் பரிசோதிக்கும் முறை வந்தது.

ஆனால் மருத்துவரின் பணி நோயைக் கண்டறிந்து குழந்தையை வீட்டுக்கு அனுப்புவதோடு முடிந்தது. சிகிச்சை அளிப்பார் எவரும் இல்லை. குழந்தையிடம் கொடுத்தனுப்பிய அட்டையில் இருப்பது பல தாய்மாருக்குப் புரியவில்லை. நீக்கப்பட்ட குழந்தைகள் மாலையில் தெருவில் அதே வகுப்புத் தோழர்களுடன் விளையாடினர். 1902 இல் டிரக்கோமா என்னும் தொற்றுக் கண்ணோய்க்கான பரிசோதனை தீவிரமானபோது நீக்கப்பட்டோர் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் உயர்ந்தது.

1902 ஆம் ஆண்டுச் சோதனை முயற்சி

தம் இல்லத்தின் செவிலியர் ஒருவரை ஒரு மாதம் பள்ளிகளுக்கு அளிக்க வால்ட் முன்வந்தார். முயற்சி வெற்றி பெற்றால், மருத்துவருக்குப் போலவே செவிலியருக்கும் அரசுப் பணத்திலிருந்து ஊதியம் கிடைக்கத் துணைநிற்பதாக நகர அதிகாரிகளிடம் முன்னதாகவே வாக்குறுதி பெற்றுக்கொண்டார். கனடாவைச் சேர்ந்த லைனா ரோஜர்ஸ் இப்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அக்டோபர் 1, 1902 அன்று பணியைத் தொடங்கினார். மிகுதியான குழந்தைகள் நீக்கப்பட்டிருந்த நான்கு பள்ளிகள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றில் ஏறத்தாழ 10,000 மாணவர்கள் இருந்தனர்.

சில பள்ளிகளில் சன்னல் விளிம்போ அறையின் மூலையோதான் செவிலியரின் பணியிடமாக இருந்தது. சிகிச்சை தேவைப்படும் மாணவரை மருத்துவர் நாள்தோறும் செவிலியரிடம் அனுப்பினார். பேன், சிரங்கு போன்றவை தோழர்களுக்குத் தெரிந்து குழந்தை நாணம் அடையாதிருக்க, சீட்டில் நோயின் பெயருக்குப் பதிலாகக் குறியீடுகள் எழுதப்பட்டன. சிறு நோய்களுக்குப் பள்ளியிலேயே மருந்திடப்பட்டுக் குழந்தை வகுப்புக்குத் திரும்பியது. கடும் தொற்று உள்ளவர்கள் மட்டும் நீக்கப்பட்டனர். அவர்கள் வீட்டுக்கும் செவிலியர் சென்று, தாய்க்குச் சிகிச்சை முறையை விளக்கினார்.

விளைவு

ஒரு மாத முடிவில் முயற்சி வெற்றி என ஏற்கப்பட்டது. செவிலியரை நியமிக்க நகர நிர்வாகம் 30,000 டாலர் ஒதுக்கியது. 1902 செப்டம்பரில் 10,567 ஆக இருந்த நீக்கங்கள் 1903 செப்டம்பரில் 1,101 ஆகக் குறைந்தன. லண்டன் பள்ளிகளில் 1890களிலேயே செவிலியர் பணியாற்றியிருந்தனர் என்றாலும் அது தொண்டு அமைப்புகளின் பணியாகவே இருந்தது. நியூயார்க்கைத் தொடர்ந்து லாஸ் ஏஞ்சலஸ் (1904), பாஸ்டன் (1905) முதலிய நகரங்களும் இம்முறையைக் கைக்கொண்டன.

இம்முறை இன்றும் தொடர்கிறது. நியூயார்க் மாநிலத்தில் மாணவருக்குப் பள்ளியில் மருந்து கொடுக்க மருத்துவரின் எழுத்து ஆணையும் பெற்றோரின் ஒப்புதலும் தேவை. அந்த ஆணை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். புதிதாகச் சேரும்போதும் குறிப்பிட்ட சில வகுப்புகளிலும் உடற்பரிசோதனைச் சான்று கேட்கப்படுகிறது. சான்று வராவிட்டால் பள்ளியின் மருத்துவ ஏற்பாட்டின் வழியே பரிசோதனை செய்ய இயலும். ஆணை காலாவதியானால் நீரிழிவோ ஆஸ்துமாவோ உள்ள குழந்தைக்கு மருந்து தடைபடக்கூடும் என்பதால், அதைத் தேடிப் பெறுவதும் பள்ளிச் செவிலியரின் முக்கியப் பணியாக உள்ளது. அட்டையை அனுப்பினால் மட்டும் போதாது என்ற 1902 ஆம் ஆண்டின் பாடம் இங்கும் பொருந்துகிறது.

பிற பணிகள்

1906 இல் எலிசபெத் டைலர் என்னும் கறுப்பினச் செவிலியரை வால்ட் தம் இல்லத்தில் பணியமர்த்தினார். 1912 இல் பொதுச் சுகாதாரச் செவிலியத்துக்கான தேசிய அமைப்பின் முதல் தலைவரானார். அதே ஆண்டில் அமெரிக்க அரசு குழந்தைகள் நலனுக்கெனத் தனி அலுவலகம் அமைத்ததிலும் இவரது பங்கு உண்டு. முதலாம் உலகப் போரில் அமெரிக்கா ஈடுபடுவதை எதிர்த்தார்.

ஹென்றி தெரு வாழ்க்கையைப் பற்றி 1915 இலும் 1934 இலும் இரு நூல்களை எழுதினார்.

மறைவு

உடல்நலக் குறைவால் 1933 இல் இல்லத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகிய வால்ட், கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்ட்போர்ட் நகரில் 1940 செப்டம்பர் முதல் நாள் காலமானார். உடல் ரோச்செஸ்டரில் அடக்கம் செய்யப்பட்டது. 1970 இல் அமெரிக்கப் பெரியோருக்கான புகழ் மண்டபத்திற்கு இவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.