இமயத்தை அளக்க வழி வகுத்த லாம்டன்

உலகின் மிக உயர்ந்த சிகரம் எதுவென்று வினவினால், நம் குடியிருப்பிலுள்ள சிறுவர் அனைவரும் எவரெஸ்ட் என்று விடை பகர்வர். அப்பெயர் ஜார்ஜ் எவரெஸ்ட் என்னும் நில அளவைத் தலைவரைக் குறிப்பது என்பதையும் பொது அறிவுப் போட்டிகளில் பரிசு பெறுவோர் அறிந்திருப்பர். ஆனால், அச்சிகரத்தின் உயரத்தைக் கணிப்பதற்கு அடிப்படையாயிருந்த மாபெரும் அளவைப் பணியைச் சென்னையிலே தொடங்கி வைத்தவர் யார் என்று கேட்டால், பெரியோரும் தயங்குவர். அவரே வில்லியம் லாம்டன்.

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் எளிய குடும்பமொன்றில் பிறந்த லாம்டன், இளமையிலேயே கணிதத்தில் நாட்டம் மிக்கவர். படையிற் சேர்ந்து அமெரிக்கப் போருக்குச் சென்ற அவர், 1781-ஆம் ஆண்டு யார்க்டவுனில் சிறைப்பட்டார். விடுதலை பெற்றபின் கனடா நாட்டில் பல ஆண்டுகளைக் கழித்தார். பின்னர் 33-ஆம் காலாட்படையைச் சார்ந்தவராக இந்தியா வந்து சேர்ந்தபோது அவர் நடுவயதைக் கடந்திருந்தார். பதவியோ, புகழோ, செல்வமோ ஈட்டியிருக்கவில்லை.

1799-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணப் போரின்போது, இருளில் திசை தவறிப் பகைவர் முகாமை நோக்கிச் சென்ற படைப்பிரிவொன்றை, விண்மீன்களின் நிலை கண்டு அவர் எச்சரித்துத் திருப்பினார் என்று கூறுவர். போர் முடிந்ததும் அவர் அரசினருக்கு ஒரு திட்டத்தை அளித்தார். தென்னாட்டின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை முக்கோண முறையில் அளந்து, ஊர்களின் இருப்பிடத்தைப் பிழையின்றி நிறுவுவது அதன் நோக்கம். புவியின் உண்மையான வடிவத்தைக் கண்டறிய வேண்டும் என்பது அவர் உள்ளத்தில் ஊறிக்கிடந்த வேட்கை.

முக்கோணத்தின் ஒரு பக்கத்தின் நீளமும் இரு கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டு அறியலாம். அவற்றுள் ஒன்றை அடியாகக் கொண்டு அடுத்த முக்கோணத்தை அமைக்கலாம். இவ்வாறு குன்றுக்குக் குன்று முக்கோணங்களைக் கோத்துச் சென்றால், நிலத்தின்மேல் சங்கிலியை இழுக்காமலே நாடு முழுவதையும் அளந்துவிடலாம். ஆனால், முதற்கோட்டில் சிறு பிழை நேரினும் அது கோவை முழுவதிலும் தொடரும். ஆகவே, 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே தொடங்கிய முதற்கோட்டை, 100 அடி எஃகுச் சங்கிலி கொண்டு மிகுந்த எச்சரிக்கையுடன் அளந்தார். வெயிலில் எஃகு விரிவடையும் என்பதால், வெப்பமானியைப் பார்த்துப் பார்த்துக் கணக்கைத் திருத்தினார். ஏழரை மைல் தூரத்தை அளந்து முடிக்க ஏறத்தாழ எட்டு வாரங்களாயின.

கோணங்களை அளப்பதற்கு லண்டனில் செய்த தியோடலைட் கருவி ஏறத்தாழ அரை டன் எடையுள்ளது. அதனை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி மொரிஷியஸுக்குக் கொண்டு சென்றனர். எனினும், அது அறிவியற் கருவியென உணர்ந்த அத்தீவின் ஆளுநர், பகை பாராட்டாது அதனைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார்.

கருவிக்கு வழி பிறந்தது. செலவுக்கோ எதிர்ப்பு எழுந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் செல்ல விரும்புவோர் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னாற் போதுமே, இத்தனை பொருட்செலவு எதற்கு என்று நிதி அதிகாரி ஒருவர் எள்ளி நகையாடினார். லாம்டனின் அளவை அதற்கு விடையளித்தது. சென்னைக்கும் மங்களூருக்கும் இடைப்பட்ட அகலம் 400 மைல் என்று கருதப்பட்டு வந்தது. அது 360 மைலே என்று தெரிய வந்தது. அதுவரை வழங்கிய தேசப்படங்களில் 40 மைல் நிலம் பொய்யாக இடம்பெற்றிருந்தது!

தஞ்சைச் சமவெளியில் குன்றுகள் இல்லாமையால் கோயில்களின் உச்சியே அளவை மேடையாயிற்று. 1808-ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலில் கருவியை மேலே ஏற்றுகையில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி அதன் வட்டம் உருக்குலைந்தது. வேறொருவராயின் பணியைக் கைவிட்டிருப்பர். லாம்டன் கூடாரத்துக்குள் தங்கி, கைதேர்ந்த கம்மியர் சிலரை மட்டும் உடன் வைத்துக்கொண்டு, வளைந்த வட்டத்தை அணு அணுவாக நிமிர்த்தினார். ஆறு வாரங்களில் கருவி மீண்டும் பணிக்கு ஆயத்தமாயிற்று.

குமரிமுனை தொடங்கி வடக்கு நோக்கி, 78 பாகை நெடுங்கோட்டையொட்டி முக்கோணங்கள் ஒவ்வொன்றாக வளர்ந்தன. காடும் காய்ச்சலும் அவரைத் தடுக்கவில்லை. 1817-ஆம் ஆண்டு லண்டன் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1818-ஆம் ஆண்டு அப்பணி இந்தியா முழுவதற்கும் உரிய மாபெரும் முக்கோண அளவையாக விரிவடைந்தது; எவரெஸ்ட் அவருக்கு உதவியாளராக நியமனம் பெற்றார். ஹைதராபாத்திலிருந்து நாகபுரிக்குச் செல்லும் வழியில், 1823 ஜனவரி 20-ஆம் நாள் ஹிங்கன்காட்டில் முகாமிட்டிருந்தபோது லாம்டன் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 70-ஐ ஒட்டியிருந்தது. அளந்த நெடுங்கோடு ஏறத்தாழ 10 பாகை. இமயத்தை அவர் கண்டதில்லை.

எவரெஸ்ட் அப்பணியை 1841-ஆம் ஆண்டு டேராடூன் வரை கொண்டு முடித்தார். அவருக்குப்பின் வந்த ஆண்ட்ரூ வாவின் காலத்தில், வங்கக் கணித அறிஞர் ராதாநாத் சிக்தார், 15 என்னும் எண்ணால் குறிக்கப்பட்ட சிகரமே உலகில் மிக உயர்ந்தது என்று கணித்துக் காட்டினார். 1856-ஆம் ஆண்டு அதன் உயரம் 29,002 அடி என வெளியிடப்பட்டது. 1865-ஆம் ஆண்டு எவரெஸ்டின் பெயர் அதற்கு நிலைத்தது. 2020-ஆம் ஆண்டு நேபாளமும் சீனமும் அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். பழைய கணக்குக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 9 மீட்டரே!

தில்லியிலிருந்து சென்னைக்குச் செல்லும் பெருவழி ரயில்கள், நாகபுரிக்கும் பல்லார்ஷாவுக்கும் இடையே ஹிங்கன்காட்டைக் கடந்தே செல்கின்றன. விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நம் குடும்பத்தார் அவ்வூர் வரும்போது தம் மக்களுக்கு அதனைச் சுட்டிக் காட்டலாம். பரங்கிமலை அடிவாரத்திலிருந்து புறப்பட்டு வடதிசை நோக்கிப் பல்லாண்டு நடந்த ஒருவர், தாம் காணாத சிகரத்துக்கு வழி வகுத்துவிட்டு, அந்த மண்ணிலேதான் துயில்கிறார்.