ஒட்டுப்போட்ட கேமரா

முக்குளிப்பானைப் படம் எடுக்க முயற்சி பண்ணியிருக்கீங்களா? எங்க ஊர் நாகரசம்பட்டி. பக்கத்தில் பாரூர் ஏரி. அங்கே இந்தப் பறவைக்குக் குறைவே இல்லை. உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்தால் அதில் அடங்கிவிடும். நாம் கரையில் கால் வைத்ததும் சளக்கென்று முங்கிவிடும். இங்கேதான் எழும் என்று ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தால், இருபதடி தள்ளி எழுந்து நம்மைப் பார்க்கும். கடன் வாங்கிய டிஜிட்டல் கேமராவில் ஒரே காலையில் முந்நூறு படம் எடுத்தேன். பெரும்பாலும் வட்ட வட்டமாக அலைதான் இருந்தது, பறவையைக் காணோம்.

அந்தக் கடுப்பில், ஃபிலிம் காலத்தில் இதையெல்லாம் எப்படித்தான் எடுத்தார்கள் என்று தேடினேன். அப்போது கிடைத்தவர்தான் மா. கிருஷ்ணன். இந்தியாவின் பெரிய காட்டுயிர் புகைப்படக்காரர்களில் ஒருவர். எழுதுவார், வரைவார். நம்ம தமிழ்க்காரர். ஆனால் நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் கடைசி. அப்பா ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையா. 1925இல் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தபோதே மாதவையா சரிந்து விழுந்து இறந்துபோனார். அப்போது கிருஷ்ணனுக்குப் பதின்மூன்று வயது.

குடும்பம் இருந்தது மயிலாப்பூரில். இன்றைய மயிலாப்பூரை மனசில் வைக்காதீங்க. அன்று அங்கே புதர்க்காடு இருந்தது, நரி இருந்தது. பையன் வீட்டில் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தான்.

அப்புறம் பிரசிடென்சி கல்லூரி. அங்கே தாவரவியல் பேராசிரியர் ஃபைசன் தன் மாணவர்களை நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கூட்டிப்போவார். கிருஷ்ணனும் கூடவே போனார். வாட்டர்கலர் வரையக் கற்றுக்கொடுத்தது ஃபைசனின் மனைவி. 1931இல் பி.ஏ. முடித்தார், பிறகு எம்.ஏ., அதற்குப் பிறகு சட்டம். இத்தனை டிகிரி இருந்தும் மார்க் பெரிதாக இல்லை, வேலையும் சரியாக அமையவில்லை. அண்ணன் அனந்தநாராயணனோ ஐ.சி.எஸ். ஆகி, பின்னாளில் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவே ஆனார். தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் வந்தால் பேச்சு எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே யோசிச்சுக்கோங்க. பிளேஸ்மென்ட் சீசனில் இருக்கும் எனக்கு இந்த இடத்தில்தான் அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

சின்னப் பத்திரிகைகளுக்கு எழுதினார், கேலிச்சித்திரம் போட்டார். 1942இல் ஒரு வேலை வந்தது. நம்ம ஓசூர் எல்லையைத் தாண்டி வடக்கே போய்க்கொண்டே இருந்தால் பெல்லாரிப் பக்கம் சண்டூர் வரும். அப்போது அது ஒரு குட்டி சமஸ்தானம். அங்கே பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவுக்கு அரசியல் செயலாளர் என்று எல்லாமும் அவரே. மீதி நேரத்தில் ஆடு மேய்த்தார், புறா வளர்த்தார், கேமராவோடு காட்டில் திரிந்தார். 1949இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். வயது முப்பத்தேழு. வீட்டில் மனைவி இந்துமதி இருக்கிறார், சமஸ்தானச் சம்பளமும் நின்றுபோனது. நம்ம ஆளுங்களாக இருந்தால் அடுத்த மாதமே ஏதாவது ஒரு ஆபீஸில் சேர்ந்திருப்போம். அவர் எழுத்தையும் படத்தையும் வைத்தே பிழைப்பது என்று இறங்கிவிட்டார். 1950இல் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை பற்றி ஒரு பத்தி தொடங்கினார். அதை சாகும்வரை, நாற்பத்தாறு வருஷம் விடாமல் எழுதினார். படங்களையும் பெரும்பாலும் அவரே வரைந்தார்.

இப்போது கேமராவுக்கு வருவோம், மெக்கானிக்கல் பசங்க கவனிங்க. பாடி ஒரு கம்பெனி, டெலி லென்ஸ் வேறொரு கம்பெனி, மற்ற பாகங்கள் எங்கெங்கிருந்தோ. எல்லாவற்றையும் தானே பொருத்தி ஒரு கனமான யந்திரமாக்கி, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்தார். அதைப் பார்த்த காட்டுயிர் நிபுணர் ஈ.பி. ஜீ, எங்கேயோ கம்பி வைத்துக் கட்டியிருப்பார் என்கிற மாதிரி கிண்டலாக எழுதினார். ஆனால் அதிலிருந்து வந்த படங்களை அவரால் கிண்டல் பண்ண முடியவில்லை. எல்லாம் கறுப்பு வெள்ளை.

கறுப்பு வெள்ளையில் கொக்கை எடுப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? தண்ணீர் கறுப்பு, இறகு வெள்ளை. தண்ணீருக்கு எக்ஸ்போஷர் வைத்தால் கொக்கு வெறும் சுண்ணாம்புத் திட்டாகிவிடும். இறகுக்கு வைத்தால் மரமும் கூடும் இருட்டுக்குள் போய்விடும். தப்பை அழித்துவிட்டு அங்கேயே இன்னொன்று எடுக்கலாம் என்பதற்கும் வழியில்லை, ஃபிலிமைக் கழுவினால்தான் எது தேறும் என்றே தெரியும்.

யானைப் படங்களால்தான் அவருக்குப் பேர், ஆனால் வேடந்தாங்கலையும் அவர் விடவில்லை. சென்னை மாகாண வனத்துறைக்காக அந்தச் சரணாலயம் பற்றி ஒரு சிறுநூலே எழுதினார். அந்த ஏரியின் கதையும் நல்ல கதை. பறவை எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அதனால் பறவைகளைச் சுடக்கூடாது என்று போராடி, 1798இலேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்தில் உத்தரவு வாங்கிவிட்டார்கள். அங்கே நீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரை, வக்கா, நீர்க்காகம், கரண்டிவாயன் எல்லாம் கூடு கட்டும். சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் பூனை, கீரி எதுவும் மரத்தடிக்குப் போக முடியாது. மழை பொய்த்து ஏரி சீக்கிரம் வற்றினால் அந்த வருஷக் குஞ்சுகளின் கதி அவ்வளவுதான். பறவையைக் காப்பாற்று என்று மட்டும் சொன்னால் போதாது, அதன் மரத்தையும் செடியையும் தண்ணீரையும் சேர்த்துத்தான் காப்பாற்ற வேண்டும் என்று கிருஷ்ணன் வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டார். சரணாலயங்களில் அழகுக்காக வெளிநாட்டு மரங்களை நட்டால் அவருக்குக் கோபம் வரும்.

பத்மஸ்ரீ வந்தது. 1996 பிப்ரவரி 18 அன்று காலமானார். தேர்ந்தெடுத்த படங்கள் பெரிய புத்தகமாக வெளிவந்தது அதற்குப் பத்து வருஷம் கழித்துத்தான்.

போன ஞாயிறு மறுபடி பாரூர் போனேன். முதல் முக்கால் மணி நேரம் கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு, முக்குளிப்பான் ஒவ்வொரு முறை முங்கும்போதும் மனசுக்குள் எண்ணினேன். பெரும்பாலும் பதினைந்தைத் தாண்டவில்லை. எழுவதும் கோரைப் புல் ஓரமாகத்தான். அப்புறம் ஒன்பது படம் எடுத்தேன். இரண்டில் பறவை இருக்கிறது. ஒன்றில் தலை மட்டும்.

அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்திருக்கிறார். புத்தகத்தின் பெயர் ‘மழைக்காலமும் குயிலோசையும்’. என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவங்களும் தைரியமாக எடுக்கலாம். எனக்கு ஒரு வாரம் ஆச்சு.